5 நாள் கணக்கு தட்டணுக்களுக்கு மட்டும்தான்

ஊட்டி ரத்த தான முகாமில் எடுக்கும் ரத்தம் 5 நாளில் கெட்டுப்போய்விடும், பாதியைக் கொட்டிவிடுவார்கள் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு சின்னத் திருத்தம், நண்பரே. எடுத்த ரத்தத்தைப் பகுதிகளாகப் பிரித்து வைப்பார்கள்; அந்த 5 நாள், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எனும் தட்டணுக்களுக்கு மட்டும். சிவப்பணுக்களை, பையிலுள்ள கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள் வரை வைத்திருக்கலாம்; அதுவும் 2 முதல் 6 டிகிரி குளிர்ப்பெட்டியில். (ஊட்டிக் குளிரே போதும் என்று நினைத்துவிடாதீர்கள்!) உறையவைத்த பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஓராண்டு வரை தாங்கும்.

சந்தேகமா? பையின் லேபிளைப் பாருங்கள். ரத்தப் பிரிவுக்குப் பக்கத்திலேயே எடுத்த தேதி, காலாவதி தேதி இரண்டும் இருக்கும். என் அக்காவுக்கு ரத்தம் ஏற்றும்போது நர்ஸ் அதைச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் ஊசியைத் தொட்டார். அப்புறம், எந்த ரத்த வங்கியில் எந்த ரத்தம் இருக்கிறது என்பதை அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் மாவட்டவாரியாகப் பார்க்கலாம்.