புகழ்ந்துகொண்டே குத்துவது

தமிழ் அங்கதம், அதாவது குத்திக்காட்டும் நையாண்டி, இன்று மீம்களில்தான் வாழ்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்குப் பாதிதான் உடன்பாடு.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள். வசையை மறைத்துச் சொல்வது பழிகரப்பு. நம் மரபின் உச்சம் இரண்டாவதில்தான் இருக்கிறது என்பேன். காளமேகப் புலவர் நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பாடிய வெண்பாவைப் பாருங்கள். பொழுது சாயும்போதுதான் அரிசி வரும். குத்தி உலையில் இடுவதற்குள் ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பை அன்னம் இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். பசித்தவனின் கோபம் அது. சத்திரத்துக்காரர் கெஞ்சியதும் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதே பாட்டுக்குப் புலவர் வேறு பொருள் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. உலகமே உணவின்றி வாடும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும். ஓர் அகப்பைச் சோற்றில் ஊரின் பசியே அடங்கும். அந்தச் சோற்றின் வெண்மை வெள்ளி எழுந்ததுபோல் இருக்கும்!

2006-இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில், புலவர் வாழ்த்துப் பாடுவதாகச் சொல்லி மன்னனை வைகிறார், அவன் சந்தேகப்பட்டதும் வசையையே புகழுரையாக விளக்கித் தப்பிக்கிறார். காத்தான் சத்திரத்துக் கதையின் நேர் வாரிசு அந்தக் காட்சி. காளமேகத்தின் பாட்டுகள் உள்ள தனிப்பாடல் திரட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது பெரிய நிறைவு.

ஆனால் யாரைக் குத்துகிறோம் என்பதும் முக்கியம் அல்லவா? புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவை, தன்னை ஆதரித்த அதியமானுக்குப் பகையான தொண்டைமான் என்ற மன்னனின் படைக்கலங்களைப் பார்த்துப் பாடுகிறார். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. படையுள்ள மன்னனின் முகத்துக்கு நேரே, நீ போர் காணாதவன் என்று சொல்ல எத்தனை துணிவு வேண்டும்!

2019-இல், ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த பாத்திரமான காண்டிராக்டர் நேசமணிக்காக இணையமே பிரார்த்தனை செய்தபோது நானும் மகிழ்ந்தேன். யாரையும் குறிவைக்காத விளையாட்டு அது. அங்கதம் அன்று, அதனால் குறையும் இல்லை. ஒரு பெண்ணின் நிறத்தையும் ஓர் எளிய மனிதரின் தப்பும் தவறுமான ஆங்கிலத்தையும் படமாக்கிப் பரப்பிவிட்டு, கேட்டால் நையாண்டி என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதில் மறைந்திருக்கும் பொருள் எது? எதிரே நிற்கும் அதிகாரம் எது?

தெருவில் தேங்கிய மழைநீரைப் படம்பிடித்து, வாசலிலேயே நீச்சல்குளம் கட்டித் தந்ததற்கு மாநகராட்சிக்கு நன்றி சொல்லும் மீம்களை நான் தேடித் தேடிப் பகிர்கிறேன். அவற்றை அனுப்புங்கள். பிறர் உடலைப் பழிக்கும் படங்களை நண்பர்கள் இனி எனக்கு அனுப்ப வேண்டாம்.