சப்டிவிஷன் கூடினால் முகம் நிஜமாகிவிடாது

கணினியில் 3D முகம் செதுக்குவது பற்றி, "முதலிலேயே மெஷ்ஷை உச்சப் படிக்கு சப்டிவைட் செய்துவிட்டுச் செதுக்குங்கள், அப்போதுதான் முகம் நிஜமாக வரும்" என்று ஒரு பதிவில் சொல்லியிருப்பது தலைகீழான யோசனை. மெஷ் என்பது உருவத்தின் வலைப்பரப்பு; அதன் ஒவ்வொரு கட்டத்தையும் (பாலிகன்) சிறு கட்டங்களாகப் பிரிப்பதுதான் சப்டிவிஷன். ஒவ்வொரு படியிலும் பாலிகன் 4 மடங்காகும். 10,000 இருந்தால் மூன்று முறை பிரித்ததும் 6,40,000. அந்த அடர்த்தியில் தாடையை இழுத்தால் கன்னத்தில் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் விழும். மேடுபள்ளத்தைச் சமன்படுத்தும் ஸ்மூத் பிரஷ், மெஷ்ஷின் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோடு மட்டுமே சராசரியாக்குவதால், எவ்வளவு தேய்த்தாலும் அவை லேசில் போகாது. மண்டை, கன்ன எலும்பு, தாடைக் கோணம் எல்லாம் கீழ்ப் படியிலேயே முடியட்டும். தோல் துளைகள் கடைசி.

முகம் பொம்மையாகத் தெரிவது பெரும்பாலும் கண்ணால்தான். சுமார் 24 மி.மீ. விட்டமுள்ள கண் கோளத்தை முதலில் வைத்து, இமையை அதன்மேல் போர்த்துங்கள். இமை விளிம்புக்குத் தடிமன் வேண்டும், கத்தி முனை மாதிரி விடக்கூடாது. இயல்பான பார்வையில் மேலிமை கருவிழியின் மேல்விளிம்பைக் கொஞ்சம் மறைக்கும். வட்டம் முழுசாகத் தெரிந்தால் ஆள் திடுக்கிட்ட மாதிரி இருப்பார்.

"டைனமெஷ் (மெஷ்ஷைப் புதிதாகக் கட்டும் வசதி) போட்டாலும் பரவாயில்லை" என்று அதே பதிவில் இருப்பதும் தவறு, செதுக்கியதை மார்ஃபாக, அதாவது மூல உருவத்தின் புள்ளிகளை நகர்த்தும் வடிவமாற்றமாக, பயன்படுத்துவதாக இருந்தால். புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் மாறிவிடும். மூல உருவம் அந்த மார்ஃபை ஏற்காது, அல்லது முகம் சிதறிப்போகும். மெஷ்ஷை மாற்றிக் கட்டும் ரீமெஷ், டைன்டோபோ என்ற வசதிகள் இரண்டுக்கும் இதே கதிதான்.