நெடுஞ்சாலைப் புளியமரங்களை என்ன செய்யப்போகிறோம்?

'அசோகர் சாலையோரம் மரம் நட்டார்' என்று எழுதி ரெண்டு மார்க் வாங்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. நம் பக்கம் அந்தப் பெருமை ராணி மங்கம்மாளுக்கு. தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. (இப்போது நிற்கிற மரமெல்லாம் ராணி வைத்தது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலானவை ரொம்பப் பிந்தி, வெள்ளைக்காரன் காலத்திலும் ஜில்லா போர்டு காலத்திலும் வைத்தவை.)

அதில் புளிக்குத்தான் முதலிடம். வறட்சி தாங்கும், காற்றுக்கு லேசில் சாயாது, நிழலும் தரும், காசும் தரும். மகசூலை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும். மாசி, பங்குனியில் பழைய சாலைகளில் போனால் பார்க்கலாம்: ஒருவர் கிளையேறி உலுக்குவார், கீழே சாக்கு விரித்துப் பெண்கள் பொறுக்குவார்கள், பக்கத்திலேயே ஓடு உடைத்து நார் உரிக்கும் வேலை நடக்கும். அடிமரத்தில் கருப்பு வெள்ளைப் பட்டை, அதற்கு மேல் பெயிண்டில் ஒரு எண். அந்த எண்ணைச் சுற்றி ட்யூஷன் சென்டர் விளம்பரத் தகடுகள், ஆணி அடித்து.

நான்குவழிச் சாலை வந்தால் முதலில் விழுவது இந்த வரிசைதான். கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலை எப்படி இருந்தது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், பெருமூச்சுதான் பதிலாக வரும்.

சாலை அகலமாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பஸ் ஏறி வேலைக்குப் போகிறவனுக்கு நல்ல சாலை வேண்டும்தான். ஆனால் 'புளியமரத்தில் கார் மோதி மூவர் பலி' என்று செய்தி போட்டு மரத்தைக் குற்றவாளி ஆக்குவதை மட்டும் ஏற்க முடியவில்லை. மரமா குறுக்கே ஓடி வந்தது?

ஒன்றை வெட்டினால் பத்து நடு என்பது இங்கே வழக்கமாகப் போடும் நிபந்தனை. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுச் சாலைகளில் கண்ணில் படுவது நடுத்திட்டில் நிற்கிற அரளிதான். அரளி நிழலில் வண்டியை நிறுத்தி யார் இளைப்பாறுவது?

மகாராஷ்டிரத்தில் 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். நகர்ப்புறங்களில் ஐம்பது வயது தாண்டினால் அது பாரம்பரிய மரம். வெட்ட வேண்டி வந்தால் மரத்தின் வயது எத்தனையோ அத்தனை மரம் நட வேண்டும். நூறு வயது மரத்துக்கு நூறு. கோடாரியை எடுக்கும் முன் ஒருமுறையாவது யோசிப்பார்கள் இல்லையா? சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய், மண்டாய், லிம் சூ காங் உட்பட ஐந்து சாலைகளை மரபுச் சாலைகளாக அறிவித்திருக்கிறது. அங்கே இருபுறமும் உள்ள மர வரிசை மொத்தத்துக்கும் பாதுகாப்பு.

எனக்கு வேண்டியது இதுதான், தனி மரம் அல்ல, வரிசை. பத்து மரத்தில் ஒன்றை விட்டுவைத்து அதற்குப் பலகை மாட்டுவதில் என்ன இருக்கிறது? கிளைகள் மேலே கைகோத்துக் கூரை போட்டால்தானே அது புளியமரச் சாலை!

இந்தியாவின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமே ஒரு புளியந்தோப்புதான். பெங்களூரு அருகே தேவனஹள்ளி பக்கம் நல்லூரில் இருக்கிறது, 2007இல் அறிவித்தார்கள். தோப்புக்குக் கிடைத்த மரியாதை சாலையோர வரிசைக்குக் கிடைக்காமல் போவதற்கு ஒரே காரணம், இங்கே சாலையோரம் என்றாலே அது அடுத்த விரிவாக்கத்துக்கான இடம்.

எங்கெல்லாம் வரிசை கலையாமல் இருக்கிறதோ, அங்கே பழைய சாலையை அப்படியே சர்வீஸ் ரோடாக விட்டுவிட்டுப் புதுச் சாலையை ஒரு பக்கமாகத் தள்ளிப் போடலாம். நிலம் கூடுதலாக வேண்டும், செலவும் ஆகும், மறுக்கவில்லை. புறவழிச்சாலைக்கு ஊரைச் சுற்றி நிலம் எடுக்கும்போது இதே கணக்கை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவிடம் வெட்டும் கோப்பு வரும் முன்பே, காக்க வேண்டிய சாலைகளின் பட்டியல் ஒன்று இருக்கட்டும். அதற்காகப் புதிதாக சர்வே எதுவும் வேண்டாம். புளி ஏலத்துக்கென்று ஏற்கெனவே மரம் மரமாக எண் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தப் பதிவேட்டில் வயதுக்கும் சுற்றளவுக்கும் இரண்டு கட்டம் சேர்த்தால் வேலை தொடங்கிவிடும்.