கண்மாய் வெட்டியாச்சு, நீர்பாய்ச்சி எங்கே?

கோடை வந்தால் எங்கள் சிவகங்கைப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கிவிடும். ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் பழைய முறைக்குக் குடிமராமத்து என்று பெயர்; 2017-இல் அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்து அரசு திட்டம் போட்டது. அதே வருடம் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கெடு வைத்தது. 2024-இல் வண்டல் அள்ள தாசில்தார் அனுமதியே போதும் என்றாக்கினார்கள். எல்லாம் நல்லதுதான். கண்மாய் வண்டலான கரம்பையை அடித்த வயல் எப்படி விளையும் என்று எனக்கும் தெரியும்.

சரி, கண்மாய் பெருகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரை யார் பங்கு வைப்பது?

முன்பு இதற்கென்று நீர்பாய்ச்சி இருந்தார். மழைக்கு முன்னால் வரத்துக்காலைப் பார்ப்பது, கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மிச்சத் தண்ணீர் போகும் இரவில் கரையில் மண் கசிகிறதா என்று லாந்தரோடு நடப்பது, மடையைத் திறப்பது, அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குமிழி மடை என்றால் கண்மாய்க்குள் நீந்திப்போய், மூச்சை அடக்கி முங்கித்தான் அடைப்பைக் கழற்ற வேண்டும். கார்த்திகை மாதக் குளிரில், சேறு கலந்த தண்ணீரில், கண்ணுக்கு எதுவும் தெரியாது. கைதான் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைப்பார். அப்போது அவர் மண்வெட்டியைத் தவிர வேறு மண்வெட்டி வாய்க்காலில் இறங்கக் கூடாது. பத்து ஏக்கர்காரருக்கும் கால் ஏக்கர்காரருக்கும் கடைமடைவரை அவர் சொல்வதுதான் கணக்கு.

இன்று மடைக்குத் திருகு ஷட்டர் போட்டாகிவிட்டது. யார் கையில் பலம் இருக்கிறதோ அவர் திறந்துகொள்கிறார். போன வருடம் எங்கள் ஊரில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள். மேலே நாலு வயல் முங்கிக் கிடக்க, கடைமடையில் பயிர் மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. தூர்வாரிய அதே கண்மாய்தான்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, 'அந்தக் காலம்போல வருமா' என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காலம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. நீர்பாய்ச்சிகள் பெரும்பாலும் பட்டியல் சாதிக்காரர்கள். ஊரே அவரை நம்பித்தான் விளைந்தது. அவருக்கோ சொந்தமாக ஒரு குழி நிலம் இருக்காது. அறுப்பு நேரத்தில் களத்துக்குக் களம் போய் நின்று நெல் வாங்க வேண்டும். குடிமராமத்தும் அப்படித்தான். 1858-இல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். கரை உடைகிற மாதிரி இருந்தால் கிராமத்துக்காரன் வந்தே தீர வேண்டும், வராவிட்டால் தண்டனை. ஊர் ஒற்றுமை என்று நாம் பீற்றிக்கொள்வதில் கொஞ்சம் இதுவும் உண்டு. அந்த வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பிள்ளைகளை யார் குறை சொல்ல முடியும்?

ஆகவே பழைய நீர்பாய்ச்சியை அப்படியே கூட்டிவரச் சொல்லவில்லை. அந்த வேலை வேண்டும், மாதச் சம்பளத்தோடு வேண்டும், எந்தச் சாதிக்காரரும் வரலாம் என்று வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்க வழி இருக்கிறது. ஆனால் சங்கத் தலைவர் முங்கி மடையைத் திறக்கப்போவதில்லையே!

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: கண்மாயில் மீன் பிடிக்க விடும் பாசிக் குத்தகைப் பணம் எங்கே போகிறது? எங்கள் ஊரில் மண்டகப்படிக்கும் ரேடியோ செட்டுக்கும் போகிறது. சாமி கோபித்துக்கொள்ளாது, அய்யனாரே கண்மாய்க்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதில் பாதியை ஒதுக்கினாலே, தண்ணீர் கிடக்கிற மாதங்களுக்கு ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். மீதிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள், போடட்டும்.

மார்ச் 22 கிராமசபையில் இதை எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நம்மூர்க்காரர்கள், முக்கியமாகக் கடைமடைக்காரர்கள், வந்து கையெழுத்துப் போடுங்கள். மேலமடைப் பங்காளிகள் சண்டைக்கு வருவதாக இருந்தாலும் அங்கேயே வாருங்கள், பேசிக்கொள்வோம்.