முதலில் சி, பைத்தான் பிறகு

பெங்களூரின் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து உறவுக்காரப் பிள்ளைகள் பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்பது இதுதான்: "மாமா, மைக்ரோகண்ட்ரோலருக்கு சி படிக்கணுமா, பைத்தான் போதுமா?" மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய சிறு கணினி; சி, பைத்தான் அதற்கு நிரல் எழுதும் மொழிகள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரரிடமும் கேட்டிருப்பார்கள். எந்த போர்டு (அந்தச் சிப் பொருத்திய பலகை) கையிருப்பில் இருக்கிறதோ அதற்கேற்ற மொழியை அவர் சொல்லியிருப்பார். என் பதில் மாறியதில்லை. சி. அதுவும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில்.

பைத்தான் மீது எனக்குப் பகை கிடையாது. ராஸ்பெரி பை பிகோ என்ற போர்டில், பைத்தானின் சிறு வடிவமான மைக்ரோபைத்தானை ஏற்றிவிட்டால், ஒரு வரி தட்டியதும் எல்இடி எரிகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நானே அதைத்தான் வாங்கித் தருவேன். ஆனால் பிகோவின் ராம் (நிரல் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 264 கிலோபைட். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் வெறும் 2 கிலோபைட். மைக்ரோபைத்தான் அதற்குள் நுழையவே முடியாது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள் அந்த இரண்டு கிலோபைட்டுக்குள் குடித்தனம் நடத்திப் பழக வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்ல, மில்லி விநாடியில் கணக்கிடும் டிலே கட்டளைக்குள் 60 * 1000 என்று எழுதிப் பாருங்கள். ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். 32,767-க்கு மேல் தாங்காது. 60,000 அதில் அடங்காமல் மைனஸ் 5,536 ஆகிவிடும். டிலே வாங்குவதோ மைனஸே இல்லாத 32 பிட் எண். ஆகவே அது 429 கோடிக்கும் மேற்பட்ட மில்லி விநாடிகளாகிறது, அதாவது ஏறக்குறைய 50 நாட்கள்! போர்டு கெட்டுவிட்டது என்று பையன் மறுபடி எஸ்.பி. ரோட்டுக்கு ஓடுவான். அதே வரி, இன்ட் 32 பிட்டாக உள்ள இஎஸ்பி32 என்ற வேறொரு போர்டில் ஒழுங்காக ஓடும். பைத்தானில் இந்தச் சிக்கலே எழாது, அதனால் பைத்தான்தான் நல்லது என்பார்கள். அதே காரணத்துக்காகத்தான் நான் சி என்கிறேன். எண்ணுக்கும் இடம் வேண்டும் என்பது இங்கேதான் உறைக்கும்.

நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆர்டுயினோவின் அடியில் ஊனோவுக்காக ஓடுவது ஜிசிசி என்ற கம்பைலரின் ஏவிஆர் வடிவம் (ஊனோ சிப்பின் குடும்பப் பெயர் ஏவிஆர்). இலவசம். மேலே சொன்ன பிழையை அது கண்டுபிடித்துவிடும். ஆனால் ஆர்டுயினோ மென்பொருள் எச்சரிக்கைகளை அணைத்து வைத்துத்தான் நம் கைக்கு வருகிறது. புதியவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. பிரிஃபரன்சஸ் பகுதிக்குப் போய் கம்பைலர் வார்னிங்ஸ் என்பதை "ஆல்" என்று மாற்றுங்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியை அந்த எச்சரிக்கை வரிகளைப் படிப்பதில் செலவிட்டால் போதும்.

கல்லூரியில் இன்னும் 8051-தான் பாடம் என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். இன்டெல் 1980-இல் வெளியிட்ட சிப் அது. படிப்பதில் நட்டமில்லை. 8051-க்கான கீல் கம்பைலரின் சோதனைப் பதிப்பு 2 கிலோபைட் நிரலோடு நின்றுவிடுகிறது என்பதற்காக, விடுதியில் பென் டிரைவில் சுற்றும் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டாம். எஸ்டிசிசி என்ற கம்பைலர் இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போது ரஸ்ட் என்ற மொழியைப் படிக்கலாமா என்று கேட்பவர்களும் வருகிறார்கள். தாராளமாகப் படியுங்கள். அதற்கு முன், ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்டில் மதிப்பு மாறும் மாறிக்கு வாலட்டைல் என்ற சொல்லை ஏன் போட வேண்டும் என்று எனக்கு விளக்கிவிட்டுப் போங்கள்.