ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எத்தனைண்ணே?

நேற்று காலை வடசென்னையில், எங்கள் கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். இதையெல்லாம் ஒரு விஷயமென்று எழுதினால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள், தெரியும். கேட் போட்டது விஷயமில்லை. போட்ட கேட்டில் நிற்கும்போது ஒரு பையன் கையில் டேப்லெட்டோடு வந்து, "அண்ணே, ரெண்டே நிமிஷம், உங்க ஏரியா வாழறதுக்கு எப்படி இருக்குன்னு ஒரு சர்வே" என்றான் பாருங்கள், அதுதான் விஷயம்.

ரெண்டு நிமிஷமா! இந்த இடத்தில் ரெண்டு நிமிஷத்தில் முடிந்த காரியம் என்று ஏதாவது உண்டா ராஜா? நிதானமாகவே கேள்.

வண்டி ஹேண்டிலில் காசிமேட்டில் வாங்கிய ஒரு கிலோ நெத்திலி, கறுப்பு கவரில். ஐஸ் உருகி ஒவ்வொரு சொட்டாக என் செருப்பில் விழுகிறது. இடப்பக்கம் கன்டெய்னர் லாரி, உறுமிக்கொண்டே நிற்கிறது, அதன் புகை சரியாக என் முழங்காலுக்கு நேரே. எதிரே சரக்கு ரயில். போய்க்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பாதி வந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி அப்படியே நிற்கிறது.

பையன் ஆரம்பித்தான். "போக்குவரத்து வசதியில எவ்வளவு திருப்தி? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

நான் ரயிலைப் பார்த்தேன். அவனும் ரயிலைப் பார்த்தான். லாரி டிரைவர் மேலிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"பூஜ்யம் கிடையாதா தம்பி?"

"இல்லண்ணே, ஒண்ணுலேர்ந்துதான்."

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அன்றைக்குப் போட்ட கேட்டையே இன்னும் திறக்கவில்லையோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். "மெட்ரோ வந்துடுச்சேண்ணே" என்கிறான். வந்தது, 2021இல் விம்கோ நகர் வரைக்கும் வந்தது, நன்றாகத்தான் ஓடுகிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த ஸ்டேஷனுக்குப் போக இந்தக் கேட்டைத் தாண்டணுமேடா.

அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, நின்ற ரயிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போகிறார்கள். டிரைவர் கத்துகிறார், "டேய், எடுத்துடப் போறான்டா!" கடைசியாகப் போன பிள்ளையின் டிபன் பாக்ஸ் தண்டவாளத்தில் விழுந்து, அவள் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பையனும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து அடுத்த கேள்விக்குப் போனான். காற்றின் தரமாம்.

காற்றா? எங்கள் வீட்டில் எந்தப் பக்கத்துக் காற்று என்று பார்த்துவிட்டுத்தான் ஜன்னல் திறப்பதே. கொடுங்கையூர்ப் பக்கமிருந்து அடித்தால் குப்பைமேடு, மணலிப் பக்கமிருந்து அடித்தால் கேஸ் வாடை. கடற்காற்று என்றால் தாராளமாகத் திறப்போம், திறந்துவிட்டு லாரிப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருப்போம். 2023 டிசம்பரில் எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததே, எங்கள் சின்னம்மா அந்தக் கறுப்புக் கோட்டுக்கு மேல் இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டார், கோடு இன்னும் எட்டிப் பார்க்கிறது. அதே மாதக் கடைசியில் எண்ணூரில் அமோனியா கசிந்து ஜனம் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இதற்கு ஒன்றா, ஒன்றரையா?

2021இல் மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது, வாழ எளிதான நகரங்கள் என்று. பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் பெங்களூர், புனே, அகமதாபாத், அடுத்து நாலாவதாகச் சென்னை. அந்தச் சென்னைக்கு எந்த பஸ் போகிறது என்று யாராவது சொன்னால் நானும் ஒரு நாள் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

விளையாட்டு வசதி பற்றியும் கேட்டான். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தது தெரியுமா என்று கேட்டேன். "அப்போ வசதி நல்லா இருக்குன்னு போட்டுக்கவாண்ணே?" என்கிறான். அடப்பாவி, கேரம் போர்டுக்கு மூன்றடி இடம் போதும், அதனால் தப்பித்தோம்.

ஒருவழியாக ரயில் நகர்ந்து கேட் தூக்கினார்கள். தூக்கி என்ன பிரயோஜனம்? இந்தப் பக்கம் நாங்கள் சாலை முழுக்க அடைத்து நிற்கிறோம், அந்தப் பக்கம் அவர்களும் அப்படியே. போர்க்களத்தில் இரண்டு படை மாதிரி நடுவில் மோதி எல்லோரும் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டோம். இதற்கு எந்த அரசாங்கத்தைத் திட்டுவது? வலது ஓரத்தில் புகுந்தவர்களில் நானும் ஒருத்தன்.

பையன் பின்னாலேயே ஓடி வருகிறான். "அண்ணே, கடைசிக் கேள்வி! சொந்தக்காரங்களுக்கு இந்த ஏரியாவை சொல்லுவீங்களா?"

"அஞ்சு போடு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சின்னம்மாவை எங்கள் தெருவுக்கே வந்துவிடச் சொல்லி ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருப்பவன் நான்தானே.

அவன் டேப்லெட்டைத் தட்டுகிறான், தட்டுகிறான், முகம் செத்துப்போகிறது. "நெட் கட்டாயிடுச்சுண்ணே. எதுவும் சேவ் ஆகல. மறுபடியும் மொதல்லேர்ந்து..."

லாரி டிரைவர் சிரித்த சிரிப்பில் ஹாரனையும் சேர்த்து அழுத்திவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அதெல்லாம் போகட்டும். இந்த நெத்திலி விற்கிற அம்மாக்கள் ஏன் தலை கிள்ளித் தர மாட்டேன் என்கிறார்கள்? வஞ்சிரத்துக்கு அத்தனை உபசாரம், துண்டு போட்டு, கழுவி, கவரில் போட்டு. நெத்திலிக்கு மட்டும் "எட்துனு போ நைனா, வூட்ல பாத்துக்க" என்றால் எப்படி? ஒரு கிலோ, ஒவ்வொன்றாக, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கிள்ளினேன்.