‘நிறைய’ன்னா எத்தனை தடவை?

போனில் நர்ஸிடம் ஆலோசனை கேட்பதெல்லாம் வெட்டி வேலை, அரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் “எதுக்கும் டாக்டரைப் பாத்துடுங்க” என்றுதான் சொல்வார்கள். இதை என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வாயை மூடிக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஜுரம் 103, செல்சியஸ் கணக்கில் 39.4. தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்த்தேன், நாலாவது முறை அதற்கே மனசு இரங்கிவிடும் என்பது போல. மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் பாட்டு. அப்புறம் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாத குரல்.

“மூச்சு விடச் சிரமப்படுதா சார்?”

“இல்லை சிஸ்டர், ஜுரம்தான். 103.”

“இப்ப குழந்தையைப் பாத்துக்கிட்டுத்தான் சொல்றீங்களா?”

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஹால் நாற்காலியை.

“வாந்தி?”

“நிறைய.”

“நிறையன்னா எத்தனை தடவை?”

தெரியவில்லை. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள்? தெரியவில்லை. எடை? போன பிறந்தநாளுக்கு முன்னால் பார்த்த ஞாபகம்.

“குழந்தைகிட்ட யார் இருக்காங்க?”

“என் வொய்ஃப்.”

“போனை அவங்ககிட்ட குடுத்துடுங்க சார்.”

மனைவி ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னாள். வாந்தி இரண்டு தடவை, ஒன்பது மணிக்கு ஒன்று, பதினொன்றேகாலுக்கு ஒன்று. பன்னிரண்டு மணிக்கு மாற்றிய டயப்பர் கனமாக இருந்தது. அழும்போது கண்ணீர் வருகிறது, வாய் காயவில்லை. எடை 12 கிலோ. கழுத்தை மடக்க முடிகிறது, உடம்பில் தடிப்பு எதுவும் இல்லை. இதற்கெல்லாம் மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. என்னை வைத்துக்கொண்டு அந்த நர்ஸ் விடியும் வரை பேசியிருந்தாலும் இந்த விவரத்தில் பாதி கிடைத்திருக்காது.

பிறகு வந்தது மருந்து. “பாராசிட்டமால் குடுத்தீங்களா? எவ்வளவு?” “எப்பவும் போல 5 மில்லி.” “பாட்டிலைக் கையில எடுங்க. 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கு?” 250. அதற்கு முன் தீர்ந்துபோன பாட்டிலில் இருந்தது 120. பெயர் அதே, நிறம் அதே, மூடி அதே, மருந்து மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல். குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கணக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. 12 கிலோவுக்கு 180-ஐத் தாண்டக்கூடாது. நாங்கள் கொடுத்திருந்தது 250. “ஒரு தடவைதானே, பயப்பட வேண்டாம். அடுத்த டோஸ் ஆறு மணி நேரம் கழிச்சு, 3 மில்லி. ஸ்பூன்ல ஊத்தாதீங்க, சிரிஞ்சுல அளந்து குடுங்க” என்றார். யாரும் கேட்டிருக்காவிட்டால் விடியற்காலையில் இன்னொரு 5 மில்லி போயிருக்கும். அதற்கடுத்து இன்னொன்றும்.

அன்றைக்கு எங்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவில்லை. 103 என்ற எண்ணை விட, ஜுரம் கொஞ்சம் இறங்கும்போது குழந்தை கண்ணைப் பார்த்துப் பேசுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 100.4 வந்தாலே உடனே டாக்டர்தான், போனில் விவாதமே கிடையாது.

என் கட்சி இதுதான். இந்தச் சேவையில் பதிலை விடக் கேள்விதான் விலை உயர்ந்த சரக்கு. நர்ஸுக்குக் குழந்தை தெரியாது, அவருடைய கண்ணும் கையும் நாம்தான். நாம் பார்க்காமல் பேசினால் அவராலும் பார்க்க முடியாது.

“காது வலிக்குன்னு போன் பண்ணா நினைவு இருக்கா, மூச்சு இருக்கான்னு கேக்குறாங்க” என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு: அந்த வரிசை வேண்டுமென்றே அப்படி வைத்தது. உயிருக்கு ஆபத்தானதை முதலில் விலக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். வட அமெரிக்காவில் பல நர்ஸ் சேவைகள் பயன்படுத்தும் கேள்வி வரிசையில் குழந்தைகளுக்கானதை எழுதியவர் பார்டன் ஷ்மிட் என்ற குழந்தை மருத்துவர், பெரியவர்களுக்கானது டேவிட் தாம்ப்சன் என்ற மருத்துவர் எழுதியது. ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் ஒரு வழி பிரியும்: இப்போதே ஆம்புலன்ஸ், சில மணி நேரத்துக்குள் டாக்டர், நாளைக்குப் பார்த்தால் போதும், வீட்டிலேயே கவனிக்கலாம். நோய்க்குப் பெயர் வைப்பது அவர்கள் வேலை இல்லை. “இது என்ன வியாதி சிஸ்டர், எந்த ஆன்டிபயாடிக் வாங்கட்டும்?” என்று கேட்டு ஏமாந்துவிட்டு, சேவை மோசம் என்று எழுதுவது நியாயமே இல்லை.

ஆனால் கேள்வித்தாள் மட்டும் போதும் என்று நினைப்பதிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. இங்கிலாந்தில் 1998-இல் அரசு மருத்துவச் சேவையின் போன் ஆலோசனையான என்.எச்.எஸ். டைரக்ட் தொடங்கியபோது அதன் முதுகெலும்பே நர்ஸுகள்தான். 2014-இல் அதை மூடிவிட்டார்கள், அதன் இடத்துக்கு வந்தது 111 என்ற எண். அதில் பொதுவாக முதலில் போனை எடுப்பவர் நர்ஸ் அல்ல. பயிற்சி பெற்ற ஊழியர் கணினி காட்டும் கேள்விகளைக் கேட்டு, தேவையென்றால் மருத்துவம் தெரிந்தவருக்கு மாற்றிவிடுகிறார். ஏற்பாட்டின் காரணம் புரிகிறது, அத்தனை அழைப்புக்கும் நர்ஸுக்கு எங்கே போவது? இருந்தாலும் “பாட்டிலைக் கையில எடுங்க” என்று சொன்ன குரலில் எத்தனையோ வருட வார்டு இருந்தது.

அதே குரல்தானா தெரியாது, ஆனால் அதே மாதிரி ஒருவர் அடுத்த குளிர்காலத்திலும் கிடைத்தார். நடு இரவில் மகள் நாய் குரைப்பது போல இரும ஆரம்பித்தாள். நான் ஆவி பிடிக்க வெந்நீர் வைக்கப் போனேன். நர்ஸ் தடுத்துவிட்டார். அதனால் பயன் என்று நிரூபணமில்லை, சுட்டுக்கொள்ள வாய்ப்புதான் அதிகம் என்றார். “போனைக் குழந்தை வாய்கிட்ட வைங்க” என்று சொல்லி, மறுமுனையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கி, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணச் சொன்னார், அதுவும் அழாமல் இருக்கும்போது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் என் குறுக்குவழியை ஒத்துக்கொள்ளவில்லை. 34 வந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் வந்தால் வேகமான மூச்சு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

“அழ விடாதீங்க, அழுதா இன்னும் இறுகும். சும்மா இருக்கும்போதே இழுக்கிற சத்தம் கேட்டாலோ, உதடு நீலமானாலோ, எச்சில் முழுங்க முடியாம ஒழுகினாலோ எனக்குப் போன் பண்ணாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.” காலையில் பார்த்த டாக்டர், இது ‘குரூப்’ (croup), குரல்வளை வீங்கி வரும் இருமல் என்று சொல்லி, வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஒரே ஒரு வேளை கொடுத்து அனுப்பினார். எனக்கு மனசில் நிற்பது அந்த ஒரு நிமிட எண்ணிக்கைதான். பிறந்த நாளிலிருந்து பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், என் குழந்தை மூச்சு விடுவதை அன்றுதான் முழுசாக ஒரு நிமிடம் பார்த்தேன்.

எல்லாம் இப்படி இனிமையாக முடியவில்லை. ஒரு தடவை அம்மாவுக்கு நெஞ்சில் பாரம். “வாயுதான்டா, பேசாம இரு” என்றார். அம்மாவுக்கு எல்லாமே வாயு. போன் செய்தேன். வயது 68, பத்து வருடமாகச் சர்க்கரை, லேசாக வியர்க்கிறது என்றதுமே நர்ஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியில். இசிஜி சரியாக இருந்தது, இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையை இடைவெளி விட்டு இரண்டு முறை செய்தார்கள், அதுவும் சரி. அம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் “நான்தான் சொன்னேனே” பாடினார். சொந்தக்காரர்கள், அந்த நர்ஸ் உங்களை வீணாக அலைய விட்டுவிட்டார் என்றார்கள்.

அலைச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் வலியாக வர வேண்டியதில்லை. களைப்பாகவும் மூச்சுத்திணறலாகவும் வாயு போலவும் வரும். அதைப் போனில் கேட்டே வாயு என்று முடிவு கட்டும் நர்ஸ் எனக்கு வேண்டாம்.

எரிச்சல் இல்லாமலும் இல்லை. காத்திருப்பு கொடுமை. லைன் அறுந்தால் பிறந்த தேதியிலிருந்து மறுபடி ஆரம்பம். அதனால் இப்போது பேனா பேப்பரோடுதான் உட்காருகிறேன்: எடை, மருந்து கொடுத்த நேரம், ஒன்றுக்குப் போன நேரம். பாட்டில் மேலேயே மார்க்கரில் “3 மில்லி” என்று மனைவி எழுதி வைத்திருக்கிறாள். குழந்தை எடை ஏறினால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவாள்.

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு அண்ணன் கூப்பிட்டான். “பையனுக்கு ஜுரம்டா. வாந்தி வேற, நிறைய.”

“எத்தனை தடவைண்ணா?”

“நீ என்னடா டாக்டர் மாதிரி? நிறையன்னா நிறைய.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இரு, உங்க அண்ணிகிட்ட கேட்டுட்டு வரேன்.”

“நீ கேக்க வேண்டாம். போனை அண்ணிகிட்ட குடு.”